எதிர்வீட்டு ஃபிகாரோ

லண்டனுக்குக் குடிவந்த புதிதில் எதிர்வீட்டு வாசலில் ஒரு குட்டிக் கார் நிற்கும். வெளிர் நீலப்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, வட்ட விளக்குகள். 1950களில் வந்த வண்டியை யாரோ கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மழை. எதிர்வீட்டுப் பாட்டி, திறந்திருந்த கூரையை மூட முடியாமல் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். ஓடினேன். இந்த வண்டியில் பக்கச் சட்டங்கள் இரண்டும் அப்படியே நிற்கும். துணிக்கூரையும் பின்கண்ணாடியும் மட்டும் மடிந்து பின்னால் போய் உட்காரும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முன்னால் இழுத்து மூடுவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

உள்ளே உட்கார வைத்தார். வெள்ளை சீட், தந்த நிறத்தில் குமிழ்கள், பளபளக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினேன், 'டிக்' என்று விழுந்தது. எந்த வருஷத்து வண்டி என்று கேட்டேன். "1991. நிசான் ஃபிகாரோ" என்றார். நம்பவே முடியவில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1989இல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வண்டியாக வைத்தார்களாம். 8,000 போதும் என்று திட்டமிட்டது, கேட்டவர்கள் கூட்டத்தைப் பார்த்து 20,000 ஆனது. அதுவும் போதாமல் குலுக்கல் போட்டுத்தான் விற்றார்கள். நான்கே நிறங்கள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கு. பாட்டியுடையது கோடை. ஜப்பானிலும் இங்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான் என்பதால், அங்கே ஓடிய வண்டிகள் நிறைய கப்பலேறி இங்கே வந்துவிட்டன.

அடியில் இருப்பது நிசானின் சாதாரணச் சின்னக் கார் மைக்ராதான். 987 சிசி டர்போ இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். ஆனால் மேலே போர்த்திய அழகு எந்த ஒரு பழைய காரையும் பார்த்து அப்படியே வரைந்ததில்லை. இல்லாத ஒரு பழைய காரை நமக்கு ஞாபகப்படுத்துகிறது. பழைய பாணி என்று வந்த வண்டிகளில் என் மனதில் முதலிடம் இதற்குத்தான்.

இப்போதெல்லாம் அவர் கடைக்குப் போகும்போது சில நாள் சாவியை என்னிடம் தருவார். டிக்கியில் இடம் கொஞ்சம்தான், பைகளெல்லாம் பின்சீட்டுக்குப் போய்விடும். தூறல் விழுந்தால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது எதிர்வீட்டு வாசலைத்தான், கூரை மூடியிருக்கிறதா என்று.