வெள்ளை ஓக் காட்டில் கன்றுகள் ஏன் மரமாவதில்லை?

கேள்வி:
அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அப்பலாச்சிய மலைச்சரிவு. காட்டின் உச்சி அடுக்கில் முதிர்ந்த வெள்ளை ஓக், அடியில் டாக்வுட் என்ற சிறு பூமரம். ஓக் கொட்டைகள் முளைக்கின்றன, ஆனால் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. நடு அடுக்கில் நிழல் தாங்கும் மரங்களான செம்மேப்பிளும் பீச்சும் அடைத்துக்கொண்டன. டாக்வுட்டின் கீழ்க்கிளைகளும் காய்கின்றன. தரைத்தீ வைத்தால் சரியாகுமா?

பதில் 1:
இப்போதே தீ வைத்தால் ஓக் கன்றுகள்தான் முதலில் சாகும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த இலையுதிர்காலத்திலேயே ஆணிவேர் இறக்கிவிடும்; ஆனால் நிழலில் அந்த வேர் பருக்காது, கருகினால் மீண்டும் துளிர்க்கத் தெம்பிருக்காது. முதலில் வெளிச்சம் கொடுங்கள். உச்சி மரங்களைத் தொடாமல் நடு அடுக்கின் மேப்பிளையும் பீச்சையும் மட்டும் வெட்டி, அன்றே அடிக்கட்டையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைத் தடவுங்கள். தடவாவிட்டால் புதராகத் தழைத்துவிடும். வசந்தத் தொடக்கத்தில் வேண்டாம், வடியும் சாறு மருந்தை வெளியே தள்ளிவிடும். உச்சி அடுக்கை ஒரேயடியாகத் திறந்தால், வெயிலில் வேகமாக வளரும் துலிப் மரம் முந்திக்கொள்ளும். அதன் விதை சருகுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

பதில் 2:
தீ அதற்குப் பிறகுதான். வேர் பருத்ததும் உச்சி மரங்களில் ஏறக்குறைய பாதியை எடுத்து, 3 முதல் 5 ஆண்டுகள் விட்டு, இலை விரியும் வசந்தத்தில் எரிக்கலாம். அணிலும் ஜே பறவையும் கொட்டையை மண்ணில் புதைப்பதால் கருகியபின் துளிர்க்க உதவும் ஓக்கின் உறங்கும் மொட்டுகள் மண்ணுக்குள் தப்பிக்கும்; மேப்பிளுக்கும் துலிப்புக்கும் அவை தரைமட்டத்தில் வெந்துபோகும். வெட்டிய கொப்புகளை நிற்கும் ஓக்கின் தூருக்குப் பத்தடிக்குள் போடவே கூடாது. அவை எரியும்போது பட்டை கருகி, உள்ளே அழுகல் இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
நடு அடுக்கை வெட்டும்போது டாக்வுட்டையும் எடுத்துவிடலாமா?

பதில் 3:
தயவுசெய்து விட்டுவையுங்கள். கீழிருந்து காய்வது 1970களின் இறுதியில் வெளிப்பட்ட, டாக்வுட்டைத் தாக்கும் டிஸ்குலா என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். இலையில் ஊதா ஓரமுள்ள புள்ளிகள், அடிமரத்தில் பக்கத்துளிர்கள் தெரிகின்றனவா பாருங்கள். அந்தத் துளிர் வழியாகத்தான் நோய் தண்டுக்குள் இறங்கிப் பட்டையைச் சுற்றி அரிக்கும். குளிர்ந்த, ஈரமான நிழல் அதற்குக் கொண்டாட்டம். மேப்பிளை எடுத்துக் காற்றும் வெயிலும் விட்டாலே டாக்வுட்டுக்குப் பாதி மருத்துவம். அதன் சருகு சீக்கிரம் மட்கி, மேல்மண்ணுக்குச் சுண்ணாம்புச்சத்தைத் திருப்பித் தருகிறது. நத்தைகளுக்கு ஓடு கட்ட அது வேண்டும். கொழுப்பு மிகுந்த சிவப்புப் பழம் வலசை போகும் பறவைகளின் இரை. பட்டை மெல்லியது என்பதால் தீயில் தண்டு போகும், ஆனால் தூரிலிருந்து துளிர்க்கும்.

அந்தத் துளிரையும் ஓக் துளிரையும் மான் விட்டுவைக்காது. எரித்த பகுதிக்கு எட்டடி வேலி போடுங்கள்.