அப்பா 2007 நவம்பர் 25 பேரணிக்குப் போனவர், கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்

கிள்ளான் பையன்:
எனக்கு 25 வயது. அப்பா லாரி ஓட்டுகிறார். மலேசிய இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய அந்தப் பேரணியின்போது எனக்கு ஏழு வயது. அன்று சாயங்காலம் அவர் கண் சிவந்து, சட்டையெல்லாம் ஒரு மாதிரி நெடியோடு வந்ததும் அம்மா திட்டித் தீர்த்ததும்தான் ஞாபகம். அப்புறம் வாங்கிய, இயக்கத்தின் நிறமான ஆரஞ்சு டி-ஷர்ட் ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது, போடவும் மாட்டார், தூக்கி எறியவும் விட மாட்டார். கேட்டால் "அதெல்லாம் முடிந்த கதை, அவனவன் பதவி வாங்கிக்கொண்டு போய்விட்டான்" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். நானாகப் படித்துப் பார்த்தேன், ஒரு லட்சம் கையெழுத்தோடு பிரிட்டிஷ் ராணிக்கு மனு, நம் முன்னோரைக் கூலிகளாகக் கொண்டு வந்து கைவிட்டதற்கு பிரிட்டிஷ் அரசிடம் 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்கு என்று இருக்கிறது. கிடைக்காது என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஏன் போனார்கள்? அப்பாவிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

ஈப்போக்காரி:
என் அம்மா முதல் நாள் ராத்திரியே பஸ் பிடித்து, பேரணிக்குக் கூட்டம் சேர்ந்த பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனவர். ராணி பணம் தருவார் என்று ஒரு நிமிஷம்கூட நம்பவில்லையாம். அவருக்கு உறைத்தது வேறு. 2005-இல் மலையேறும் வீரர் மூர்த்தி இறந்தபோது, மதம் மாறிவிட்டார் என்று சொல்லி உடலை இந்து மனைவியிடம் கொடுக்காமல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள், 2007 தீபாவளிக்குச் சில நாள் முன்னால் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். "தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பினபோது ஒரு மனு எழுதித் தரக்கூட ஆள் இல்லை, இவங்க ராணிக்கே எழுதுறாங்கன்னு கேட்டதும் கிளம்பிட்டேன்" என்பார். விடிகாலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கண்ணீர்ப்புகையும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் உப்பு கொடுத்து நாக்கில் வைக்கச் சொன்னாராம். இதெல்லாம் நான் உட்கார வைத்துக் கேட்டு வந்ததில்லை, பத்துமலைப் பக்கம் கார் போனால் தானாகவே "இங்கதான் ஓடினோம்" என்று ஆரம்பித்துவிடுவார். நீங்களும் அப்பாவைக் காரில் ஏற்றிப் பாருங்கள்.

சந்தேகப் பிராணி:
என் அப்பாவும் போனார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், ரொம்ப உருக வேண்டாம். ஹிண்ட்ராப்பை நடத்திய சகோதரர்களில் தம்பி வேதமூர்த்தி 2013-இல் அப்போது ஆண்ட பாரிசான் கூட்டணியோடு ஒப்பந்தம் போட்டுத் துணையமைச்சர் ஆனார், அண்ணன் உதயகுமார் அதே வருஷம் தேச நிந்தனை வழக்கில் சிறைக்குப் போனார். துணையமைச்சரும் அடுத்த பிப்ரவரியில் ராஜினாமா. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்பில் இடத்துக்கு இன்னும் வருஷா வருஷம் அல்லாடுகிறோம். போனவர்கள் துணிச்சலில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஆனால் "முடிந்த கதை" என்று உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பழைய லயத்துக்காரன்:
சந்தேகம் தம்பி, 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலை விட்டுவிட்டீர்களே. பாரிசானுக்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போனது, சுங்கை சிப்புட்டில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவே தோற்றார். இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் காமுந்திங் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த ஹிண்ட்ராப் வழக்கறிஞர் மனோகரன் அங்கே இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். அடைபட்டது அவரோடு சேர்த்து ஐந்து பேர், கடைசி மூவர் வெளியே வர 2009 மே ஆகிவிட்டது. 1960-இலிருந்து இருந்த அந்தச் சட்டத்தை 2012-இல் எடுத்தார்கள், பதிலுக்கு சொஸ்மா என்ற இன்னொரு பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள், அதிலும் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம் என்பதால் எனக்கும் முழுசாகக் கொண்டாட மனம் வரவில்லை.

கிள்ளான் தம்பிக்கு ஒன்று. 2008 அக்டோபரில் இயக்கத்தையே தடை செய்தார்கள், 2013 ஜனவரியில்தான் நீக்கினார்கள். சும்மா வாயைத் திறக்கவே நாங்கள் யோசித்த காலம் அது. அந்த நாலு வருஷமும் அந்தச் சட்டையை வீட்டில் வைத்திருந்த மனுஷன் வெறுத்துப்போய் விட்டுவிட்டார் என்று நான் நம்ப மாட்டேன்.

கிள்ளான் பையன்:
தடை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது அண்ணே. சனிக்கிழமை செலாயாங்கில் மாமா வீட்டு விசேஷம், பத்துமலை வழியாகவே போகிறேன். சந்தேகம், உங்கள் அப்பா அதோடு ஓட்டுப் போடுவதையே விட்டுவிட்டாரா?

சந்தேகப் பிராணி:
எங்கே விட்டார்! ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையில் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பார். யாருக்குப் போட்டார் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.