விழித்திரை விலகுமா, கழலுமா? ஒரு கலைச்சொல் விவாதம்

கிளிநொச்சி, கண் கிளினிக் தாதி:

வணக்கம். வெளிமாவட்டத்துக்கு நோயாளரை அனுப்பும் துண்டில் retinal detachment என்பதை 'விழித்திரை விலகல்' என்று எழுதி வருகிறோம். இந்தச் சொல்லை மாற்ற வேண்டும். எங்கட சனத்துக்கு 'விலகினது' என்றால் எலும்பு விலகினது போலத்தான்: எண்ணெய் போட்டு உருவி, நாலு நாள் பார்க்கலாம் என்று நினைக்க இடமுண்டு. வேறு சிலருக்கு மாறுகண் என்று படும். இரண்டுமே ஆபத்து. இந்த வருத்தத்தில் ஒரு நாள் பிந்தினாலும் பார்வை போகலாம். நல்ல சொல் தாருங்கள்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

'விழித்திரைப் பெயர்வு' என்று வைக்கலாமே. சுவரில் பூச்சுப் பெயர்கிறது என்கிறோம். அடியில் ஈரம் ஊறி, மேற்படை பொருமி, பிறகு பெயரும். நோயும் அப்படித்தானே.

மாங்குளம், விஞ்ஞான ஆசிரியர்:

படம் சரி, சொல் வன்னிக்குச் சரிவராது. இங்கே 'பெயர்வு' என்றால் இடப்பெயர்வு ஒன்றுதான். அந்தச் சொல்லை ஒரு அம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுத எனக்கு மனம் வராது. 'பிரிகை' என்றும் பார்த்தேன். எது எதிலிருந்து பிரிந்தது என்று அதில் தெரியவில்லை. கண்ணை விட்டே பிரிந்ததா?

யாழ்ப்பாணம், கண் வைத்தியர்:

ஆசிரியர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. விழித்திரை முழுவதும் கழன்று வருவதில்லை. ஒளியை உணரும் கோல்களும் கூம்புகளும் நரம்புக் கலங்களும் உள்ள உட்படை, தனக்குப் பின்னால் இருக்கும் நிறப்பொருட் கலப்படையை விட்டு எழும்புகிறது. கருவில் இவை இரண்டு தனிப்படைகள். பிறகு நெருங்கி நிற்கின்றனவே ஒழிய, இடையில் உறுதியான இணைப்பு எதுவும் உருவாவதில்லை. நிறப்பொருட் கலங்கள் ஓயாமல் நீரைப் பின்பக்கம் இறைப்பது இரண்டையும் நெருக்கிப் பிடிக்கும் விசைகளில் முக்கியமானது. ஆள் இறந்தபின் அந்தப் பிடிப்பு விரைவில் தளர்ந்துவிடும். அதனால் 'ஒட்டு விடல்' என்றாலும் முழுப் பொருத்தமில்லை. décollement என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேர் பசைதான், ஆனால் இங்கே பசை இல்லை.

என் முன்மொழிவு 'விழித்திரைக் கழல்வு'. மெலிந்த கையிலிருந்து வளை கழலும். வளையை யாரும் கையில் ஒட்டி வைப்பதில்லை. பிடிப்பு இருக்கும்வரை நிற்கும். கழன்றதைத் திரும்பப் போடலாம் என்ற குறிப்பும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது சுவிற்சர்லாந்தின் லொசான் நகரக் கண் வைத்தியர் ஜூல் கோனனை (1870–1935) விடமுடியாது. அவருக்கு முந்தியவர்கள் படுக்கையில் அசையாமல் கிடத்தினார்கள், பின்னால் தேங்கிய நீரை எடுத்தார்கள். நீர் திரும்ப வந்தது. குளக்கட்டில் ஓட்டை இருக்க வயலில் நின்று இறைத்தால் என்ன பலன்? விழித்திரையில் உள்ள கிழிவுதான் காரணம், அதை அடைக்காமல் சுகமில்லை என்று கோனன் பிடிவாதமாக நின்றார். 1904 இலேயே இதன் நோய்த்தோற்றம் பற்றி எழுதினார். பிறகு ஒவ்வொரு கிழிவையும் படமாக வரைந்து, அதன் இடத்தைக் கண்ணின் வெளிச்சுவரில் அளந்து குறித்து, சூடாக்கிய முனையால் அந்த இடத்தைச் சுட்டார். வடு கட்டி ஓட்டை மூடியது. 1929 அம்ஸ்ரர்டாம் சர்வதேசக் கண் வைத்திய மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் ஏற்றது. இன்று சூட்டுமுனைக்குப் பதிலாக லேசரும் குளிரூட்டலும் இருக்கின்றன. வேலை அதேதான்: கிழிவைத் தேடு, எல்லாவற்றையும் தேடு, சுற்றி வடுவை உண்டாக்கு. ஒன்றைத் தவறவிட்டால் திரும்பக் கழலும்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

'பெயர்வு' வேண்டாம், விட்டுவிடுகிறேன். ஆனால் 'கழலை' என்றால் கட்டி. கண்டக்கழலை எல்லாருக்கும் தெரியும். 'கண்ணில் கழலையாம்' என்று ஊரில் கதை போகாதா?

கிளிநொச்சி, கண் கிளினிக் தாதி:

அது நியாயமான பயம். நோயாளரிடம் பெயர்ச்சொல்லைச் சொல்லாமல் வினையாகச் சொல்லலாம்: 'கண்ணின் உட்படை கழண்டிருக்கு'. அப்படிச் சொன்னால் கட்டி என்று யாரும் எடுக்கமாட்டார்கள். துண்டில் மட்டும் 'கழல்வு'.

யாழ்ப்பாணம், கண் வைத்தியர்:

நல்லது. வகைகளையும் சேர்த்தே வைப்போம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்நீர் கிழிவு வழியே பின்னால் புகுந்தால் 'கிழிவுக் கழல்வு'. rhegmatogenous என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்திலும் கிழிவு என்றே பொருள். நீரிழிவில் வளரும் நார்ப்படலம் பிடித்து இழுத்தால் 'இழுவைக் கழல்வு'. கிழிவோ இழுவையோ இல்லாமல் பின்னாலிருந்து நீர் ஊறினால் 'கசிவுக் கழல்வு'. சிகிச்சை வேறுவேறு என்பதால் வகையை எழுதாத துண்டு அரைத்துண்டு.

அதைவிட அவசரமான விபரம் மஞ்சட்பொட்டு, விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வை தரும் இடம். அது ஒட்டியிருந்தால் கூர்மையான பார்வையைக் காப்பாற்ற இன்னும் நேரமிருக்கிறது, உடனே அனுப்ப வேண்டும். அதுவும் கழன்றுவிட்டால், கோல்களுக்கும் கூம்புகளுக்கும் பின்பக்கக் குருதிக்குழாய்களிலிருந்து வரும் ஒட்சிசன் குறையும், அவை சாகத் தொடங்கும்.

மாங்குளம், விஞ்ஞான ஆசிரியர்:

அறிகுறிச் சொற்களுக்குச் சனத்தின் பேச்சே போதும். கண்ணுக்குள் மின்னல், நுளம்பு பறக்கிற மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கத்தால் திரை மூடிக்கொண்டு வருதல். திரை தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கழல்வு இருக்கும் என்பதைத் தாதிமாருக்கான குறிப்பில் போடுங்கள். கீழே இருட்டினால் மேலே கழன்றிருக்கிறது.

கிளிநொச்சி, கண் கிளினிக் தாதி:

போடுகிறேன். சத்திரசிகிச்சையில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் விடும் வாயுவுக்கு 'வாயுக் குமிழி' என்ற சொல் போதும். அது கரைய, வாயுவைப் பொறுத்து 2 கிழமையிலிருந்து 2 மாதம்வரை ஆகும். அதுவரை விமானமும் வேண்டாம், நுவரெலியா போன்ற உயரமும் வேண்டாம். வெளியமுக்கம் குறையக் குமிழி விரிந்து கண் அழுத்தம் ஏறும். தலை வைக்கும் நிலையை வைத்தியர் சொன்னபடியே வைக்க வேண்டும், குமிழி மேல்நோக்கித்தான் மிதந்து அழுத்தும்.

துண்டின் மாதிரி இது, பிழையிருந்தால் திருத்துங்கள்:

'வலக்கண். கிழிவுக் கழல்வு, மேல்-வெளிக் காற்பகுதி. கிழிவு ஒன்று, 11 மணித் திசையில். மஞ்சட்பொட்டு ஒட்டியுள்ளது. திரை தெரியத் தொடங்கியது நேற்று மாலை. கடைசியாகச் சாப்பிட்ட நேரம்: ____. இன்றே பார்க்கவும்.'