பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுப் பூர்வீக ஊருக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: பஸ் இருந்ததா, ஊரில் ஆள் இருந்ததா?

பெகு பேரன்:
அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா சொன்ன பெயர் 2011 மக்கள்தொகைப் பட்டியலில் இல்லவே இல்லை. சரி, நேரில் பார்ப்போம் என்று டவுன் பஸ் ஏறிப் பெயரைச் சொன்னேன். கண்டக்டர், "கீழக்குடியிருப்பா, மேலக்குடியிருப்பா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முன்சீட்டு ஆயா ஒருவர்தான், "அதெல்லாம் விடு, நீ எந்த வகையறா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ மேலக்குடியிருப்பு, இறக்கி விடப்பா" என்று கண்டக்டருக்கு உத்தரவு! ரங்கூனில் இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, அது வேறு கதை.

தட்டோன் மருமகள்:
தம்பி சொன்ன அதே பக்கம்தான். மாமியாரோடு போனேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. மாமியாருக்கு இது புரியவில்லை. கண்டக்டர் சும்மா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும், "நாங்க பர்மாவுல இருந்து வர்றோம், இந்த ஊர்க்காரங்க இல்ல, காசை வாங்கிக்க" என்று இருபது ரூபாயை நீட்டிக்கொண்டே இருந்தார். "பொம்பளைதானே ஆத்தா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் விசில் அடித்துவிட்டார். தானமாக வாங்கியது போல மாமியார் ஊர் வரைக்கும் முணுமுணுத்தார்.

மோல்மீன் அண்ணாச்சி:
பெகு தம்பி, ஊர் எங்கேயும் காணாமல் போகவில்லை. அந்தக் கணக்கு வருவாய்க் கிராமம் வாரியாக எடுப்பது. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். உங்கள் தாத்தா சொன்னது குக்கிராமத்தின் பெயராக இருக்கும். இனிமேல் போகிறவர்கள் முதலில் தாய்க்கிராமம், அதாவது அந்த வருவாய்க் கிராமம், எது என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் அதைத் தேடுங்கள். வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான பிள்ளைகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். பஸ் வருமா என்றும் போட்டிருப்பார்கள். வராவிட்டால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10க்குள்ளா, அதற்கும் மேலா என்று குறியீடு இருக்கும். ஆனால் அது 2011 நிலவரம், அதை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். பூட்டிய வீட்டைப் பார்த்து ஆச்சரியப்படவும் வேண்டாம். 2011இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள், மாநிலத்தில் 996. ஆம்பிளைகள் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நம் தாத்தாக்கள் செய்ததும் அதுதானே. நானும் போனேன். அரச மரத்தடியில் டீ குடித்தேன், திரும்பினேன்.

இன்செயின்காரன்:
எல்லாரும் பஸ்ஸையே பேசுகிறீர்கள். அண்ணாச்சி, கையேட்டில் இதைப் போடுவார்களா? திருவாரூர்-காரைக்குடி பாதையை அகலமாக்கி 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். நான் அந்த வருஷமே பட்டுக்கோட்டைக்கு அதில் போனேன். லெவல் கிராசிங்குகளுக்கு ஆள் போடவில்லை. ரயில் நிற்கும், உள்ளே இருந்து ஒருவர் இறங்கி ஓடிப் போய்க் கேட்டைச் சாத்துவார். ரயில் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியில் வந்த இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஒரு கேட்டில் சைக்கிள்காரர் ஒருவர், "நீங்க போங்கண்ணே, நான் திறந்துக்கிறேன்" என்று கத்தினார். பெட்டியே சிரித்தது. கேட்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு அடுத்த கேட் காத்திருந்தது.

பெகு பேரன்:
அண்ணாச்சி, தாய்க்கிராமத்தின் பெயரும் அந்த ஆயாவே சொன்னார், பட்டியலில் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகை மொத்தமாகத்தான் வருகிறது, மேலக்குடியிருப்பில் எத்தனை பேர் என்று பிரித்து இல்லை. தட்டோன் அக்கா, நீங்கள் போன டவுன் பஸ் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறதா? அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.