புதுப்பிப்பு: குவாக்காமோலியில் கோப்பு போகிறது, வருகிறது

ரோஸ் ஹில் வீட்டிலிருந்து குவாக்காமோலி (தொலைவிலுள்ள கணினியைப் பிரவுசரிலேயே இயக்க உதவும் மென்பொருள்) வழியாகக் கோயில் அலுவலக விண்டோஸ் கணினிக்குள் நுழைய முடிகிறது, காவடி அழைப்பிதழைத்தான் அனுப்ப முடியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, வேலை முடிந்தது.

அப்பாச்சி குவாக்காமோலியின் ஆர்டிபி (விண்டோஸின் தொலை இணைப்பு முறை) இணைப்பில் ‘எனேபிள் டிரைவ்’ தேர்ந்தெடுத்து, ‘டிரைவ் பாத்’ கொடுக்க வேண்டும். அந்தப் பாதை விண்டோஸில் இருப்பதல்ல. குவாக்டி, அதாவது குவாக்காமோலியின் பின்னணி நிரல், ஓடும் சர்வரில் இருப்பது. அங்கே எழுத குவாக்டிக்கு அனுமதியும் வேண்டும். டாக்கரில் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்கள் அந்த ஃபோல்டரை வால்யூமாக, அதாவது கண்டெய்னருக்கு வெளியே நிற்கும் சேமிப்பிடமாக, இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்டெய்னரை நீக்கும்போது கோப்புகளும் போய்விடும்.

அப்புறம், கோப்பைப் பிரவுசர் திரையில் இழுத்துப் போட்டால் ஏறிவிடுகிறது. இறக்குவதற்கு விண்டோஸில் தெரியும் அந்த டிரைவின் ‘டவுன்லோட்’ ஃபோல்டரில் போட்டாலே போதும், தானாக வந்துவிடும். எனக்குப் பிடித்ததே இதுதான். ஆர்டிபிக்குப் பதில் விஎன்சி (இன்னொரு தொலை இணைப்பு முறை) என்றால், கோப்பு அனுப்ப எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையைத் தனியாக இயக்க வேண்டும்.