‘அன்ட்யூ பர்டன்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தரமணி, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிய கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும், ஆனால் அது செய்துதரும் நிறுவனத்துக்கு ‘அன்ட்யூ பர்டன்’ (undue burden) ஆகிவிடக் கூடாது என்கிறது சட்டம். 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையிலும் இதே தொடர்தான். ‘தகாத சுமை’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த தோழி சிரித்துவிட்டார். நாளிதழ் படிப்பவருக்குத் ‘தகாத’ என்றதும் ‘உறவு’தான் நினைவுக்கு வருமாம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 475ஆம் குறளைப் பாருங்கள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். ‘அச்சிறும்’ என்பது வள்ளுவர் வாக்கு. இறுதல் என்றால் முறிதல். ஆகவே ‘அச்சிறுசுமை’. அழகான வினைத்தொகை. ‘பாரம்’ வேண்டவே வேண்டாம், வடசொல்.

பெரம்பூர், கணினித் துறை:
ஐயா, கோபிக்காதீர்கள். என் மகளிடம் காட்டினேன். ‘அந்தச் சின்னச் சுமை’ என்று பொருள் சொன்னாள். அ, சிறு, சுமை. புணர்ச்சி விதிப்படி அவளும் சரி. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்த ஒரு சொல்லே போதும். ‘அளவுமீறிய சுமை’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மயிலாப்பூர்:
குழந்தைக்கு என் வாழ்த்து. பதம் பிரித்துப் படிப்பது வாசகர் பொறுப்பு. பொறுப்பு என்றதும் தோன்றுகிறது: ‘பொறை’! கண்ணோட்டம், அதாவது இரக்கம், இல்லாதவர்களை ‘நிலக்குப் பொறை’, நிலத்துக்குச் சுமை, என்கிறது 572ஆம் குறள். பொறு, பொறை, பொறுமை, பொறுப்பு எல்லாம் ஒரே வேர். சேரருக்கு இரும்பொறை என்று பெயர் உண்டு. அங்கே பொறை மலையா, சுமையா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். ‘மிகைப்பொறை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்:
சென்னையில் பொறை டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கிறது, ஐயா. தேநீரில் நனைத்துத் தின்போம், மிச்சத்தைத் தெருநாய்க்குப் போடுவோம். மிகைப்பொறை என்றால் இன்னும் இரண்டு எடுத்துக் கொடுப்பார்கள்.

தாம்பரம்:
இந்தக் குழுவில் நான் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவன். கல்லூரியில் என் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டேன். கால அட்டவணை குழம்பும் என்றார்கள். மூன்று ஆண்டுகள் நண்பர்கள் நால்வர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கட்டடத்தில் சுமை என்றால் நான்தான். எந்த அடைமொழி சேர்த்தாலும் ‘சுமை’ என்று இருந்தால் அலுவலர் என்னைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஆசிரியர் ஐயா காட்டிய குறளில் முறிவது அச்சு, மயிலிறகின்மேல் பழி இல்லை. நிறுவனத்தால் தாங்க முடிகிறதா என்று கேட்கும்படி ‘தாங்கொணா நிலை’ என்று எழுதலாமே? மெரினாவில் 2022இல் என்னைப் போன்றவர்களுக்காகக் கடலை நோக்கி மரப்பாதை போட்டார்கள். சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பவும் சரிசெய்தார்கள். மாநகராட்சியின் அச்சு ஒன்றும் முறிந்துவிடவில்லை.

மயிலாப்பூர்:
தம்பியின் கருத்துக்குத் தலைவணங்குகிறேன். சொல்லுக்கு இல்லை. ‘ஒணா’ இடைக்குறை. ‘தாங்கவொண்ணா’ என்பதே செப்பம்.

தரமணி:
சட்டப் பகுதியைச் சரிபார்க்கும் வழக்கறிஞர், மூலத்தில் பர்டன் இருக்கும்போது சுமையை விட முடியாது என்கிறார். எனக்குத் தனியே எழுதிய நால்வரும் ‘அளவுமீறிய சுமை’ என்றே சொன்னார்கள். ‘நிறுவனத்தின்மீது விழும் அளவுமீறிய சுமை’ என்று அனுப்பப்போகிறேன். தாம்பரம் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். “சரி, போடுங்கள்” என்றார். மனம் ஒப்பிச் சொன்ன மாதிரி இல்லை.

மயிலாப்பூர்:
‘அளவிறந்த’ என்று திருத்தலாமா? அச்சகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்?