ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்து ஆண்டுகள் கழித்தும் தலைத்தோலில் எரிச்சல், குத்தல்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

தென்றல் (கேள்வி)

முடிவேர்களைத் தனித்தனியாக எடுத்து நடும் எஃப்.யூ.இ. முறையில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டது. மூன்று ஆண்டு ஆகிறது, முடி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் சில மாதங்களாகப் பின்மண்டையில் முடி எடுத்த இடத்தில் எரிச்சல். தலையணையில் சாய்ந்தால் ஊசி குத்துவது போல இருக்கிறது. முடி நட்ட முன்பக்கத்திலும் அவ்வப்போது அரிப்பும் வலியும் கலந்த ஓர் உணர்வு. கண்ணாடியில் பார்த்தால் கொப்புளமோ புண்ணோ தெரியவில்லை. முடி வளர்ச்சிக்கான 5% மினாக்சிடில் லோஷன் தினமும் போடுகிறேன். சிகிச்சை செய்த இடத்தில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

இவ்வளவு காலம் கழித்து இப்படி வருவது எதனால்? எந்த மருத்துவரைப் பார்ப்பது, எதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது?

வேர்க்கால்

இரண்டு இடத்துத் தொந்தரவையும் ஒரே நோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முடி எடுத்த இடத்தில் வருவது பெரும்பாலும் நரம்பு சம்பந்தப்பட்டது. நட்ட இடத்தில் வருவது பெரும்பாலும் தோல் சம்பந்தப்பட்டது. முதலில் பின்மண்டையைப் பார்ப்போம்.

எஃப்.யூ.இ. செய்யும்போது 0.8 முதல் 1 மி.மீ. விட்டமுள்ள பஞ்ச் என்ற வட்டத் துளைக்கருவி ஆயிரக்கணக்கான முறை தோலுக்குள் இறங்குகிறது. முடிவேர் 4 மி.மீ.க்கும் ஆழத்தில், கொழுப்பு அடுக்கைத் தொட்டுக்கொண்டு இருப்பதால், அதைச் சுற்றியுள்ள மெல்லிய நரம்பு இழைகள் அறுபடாமல் முடியை எடுக்க முடியாது. அதனால்தான் முதல் சில மாதங்கள் பின்மண்டை மரத்துக் கிடக்கிறது. அறுந்த இழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் வளர்ந்து பழையபடி இணைந்துவிட்டால் தொந்தரவு இல்லை. வளரும் நுனி தழும்புக்குள் சிக்கிச் சுருண்டுகொண்டால் நியூரோமா என்ற சிறு முடிச்சாகிவிடும். பட்டையாகத் தோலை அரிந்து எடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் கத்தி அகலமாகவும் ஆழமாகவும் போவதால் அங்கே பெரிய கிளைகளே அறுபடக்கூடும். பின்மண்டை நரம்புகள் கழுத்திலிருந்து மேல்நோக்கி ஓடுவதால், தையல் கீழே இருந்தாலும் மரப்பு அதற்கு மேலே உச்சந்தலை வரை தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை நூலாகத் திரித்து அதன் நுனியால் முதலில் பொட்டுப்பகுதியை வருடச் சொல்லுங்கள். உங்கள் இயல்பான உணர்வு எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். பிறகு பின்மண்டையை ஒரு விரல்கடை இடைவெளியில் வருடிக்கொண்டே வரச் சொல்லுங்கள். எங்கே உணர்வு குறைகிறது, எங்கே பஞ்சு பட்டாலே எரிகிறது என்பதைத் தாளில் ஒரு தலைப் படம் வரைந்து குறியுங்கள். பஞ்சு பட்டே எரிந்தால் அது நரம்பின் குரல்தான். அடுத்து, ஒவ்வோர் இடமாக விரல்நுனியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தட்டும்போது மட்டும் ‘சுரீர்’ என்று மேல்நோக்கி ஓடினால் அதைப் பேனாவால் குறித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்த ஒரு புள்ளி அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பின்மண்டை நடுவில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து பக்கவாட்டில் 2–3 செ.மீ. தள்ளி அழுத்தினால் வலி பளிச்சென்று வருகிறதா? வலி மின்னல் மாதிரி சில நொடிகள் அல்லது நிமிடங்கள் வந்து போகிறதா? அப்படியானால் ஆக்ஸிபிடல் நியூரால்ஜியா, அதாவது பின்மண்டையின் பெரிய நரம்பில் வரும் வலியைச் சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்ய ஸ்கேன் போதாது. அந்த இடத்தில் சில மி.லி. மரப்பு ஊசி போட்டவுடன் வலி தற்காலிகமாக அடங்குகிறதா என்பதே சோதனை. நரம்பியல் மருத்துவரோ வலி சிகிச்சை நிபுணரோ இதை வெளிநோயாளியாகவே செய்துவிடுவார்கள்.

கழுத்தையும் மறக்க வேண்டாம். தலைத்தோல் எரிச்சலோடு வருகிறவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பது தெரிந்த விஷயம். கழுத்தைத் திருப்பும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் எரிச்சல் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

கார்முகில்

மேலே சொன்னது பின்மண்டைக்குச் சரி. ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன முன்பக்கத்து அரிப்பும் வலியும்தான். நரம்பு வலி எவ்வளவு படுத்தினாலும் முடியைக் கொண்டுபோகாது. லைக்கன் பிளானோபிலாரிஸ் கொண்டுபோய்விடும்.

உடலின் எதிர்ப்புச் செல்கள் முடிவேரைத் தாக்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கி நிரந்தரமாக மூடிவிடும் நோய் அது. ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பல மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆரம்பத்தில் தெரிவதெல்லாம் அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி மட்டுமே. சாதாரணக் கண்ணாடியில் பார்த்தால் தோல் சுத்தமாக இருப்பது போலத்தான் இருக்கும். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தால்தான் முடி தோலை விட்டு வெளியே வரும் இடத்தில் குழாய் போல வெள்ளைச் செதிலும், வேரைச் சுற்றிச் சிவப்பு வளையமும் தெரியும். சில இடங்களில் முடித்துளையே காணாமல் போயிருக்கும். அப்படிப் பார்ப்பதற்கு டிரைக்கோஸ்கோப்பி என்று பெயர். ஆகவே தோல் மருத்துவரிடம் “டிரைக்கோஸ்கோப்பி செய்து பாருங்கள், நட்ட பகுதியையும் அதன் ஓரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். புருவமும் மெலிந்துகொண்டு வந்தால் அதையும் சொல்லுங்கள். நெற்றியோர முடி ஏறிக்கொண்டே போகும் இதே குடும்பத்து நோயின் அடையாளம் அது.

சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சிறு தோல் துண்டு எடுப்பார்கள். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. முடி போய் வழவழப்பாகிவிட்ட நடுப்பகுதியில் எடுத்தால் ‘தழும்பு’ என்று மட்டும் அறிக்கை வரும், எதனால் வந்த தழும்பு என்று தெரியாது. முடி இன்னும் இருக்கிற, சிவப்பும் செதிலும் உள்ள ஓரத்தில் 4 மி.மீ. பஞ்ச் கருவியால், முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே, கொழுப்பு அடுக்கு வரை எடுக்க வேண்டும். முடிந்தால் இரண்டு துண்டு: ஒன்றைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் வெட்டிப் பார்க்கலாம்.

இதைவிடச் சாதாரணமான காரணங்களும் உண்டு, அவையே அதிகம். பொடுகுத் தோல் அழற்சி இருந்தால் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, வாரம் இருமுறை. தலையில் 3–5 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். போட்டவுடன் அலசிவிட்டால் பயன் இல்லை, பலர் தவறுவது இங்கேதான். நான்கு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் காரணம் வேறு. நட்ட கிராஃப்ட் (முடிவேர்த் துண்டு) ஆழமாகப் புதைந்து நீர்க்கட்டியாவதும், முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளமாவதும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். இத்தனை தாமதமாகப் புதிதாக ஆரம்பித்தால் அதை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.

தென்றல்

இருவருக்கும் நன்றி. பஞ்சு நுனியால் பார்த்தோம். பின்மண்டையின் வலப்பக்கம் உள்ளங்கை அளவு இடத்தில் எரிச்சல், அதற்கு மேலே கொஞ்சம் மரப்பு. முன்பக்கத்தில் உணர்வு இயல்பாகவே இருக்கிறது, அரிப்புதான். தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு லோஷன் போடலாமா? மினாக்சிடிலை நிறுத்தினால் நட்ட முடி கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருந்தாளுநர்

பீட்டாமெத்தசோனைத் தொடாதீர்கள். போட்டால் அரிப்பு குறையும், சிவப்பும் செதிலும்கூட மறையும். அவற்றைப் பார்க்கத்தானே மருத்துவரிடம் போகிறீர்கள்? அடையாளத்தை அழித்துவிட்டுப் போனால் டிரைக்கோஸ்கோப்பியும் பயாப்ஸியும் பொய் சொல்லும். மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நிறுத்தும்போது எரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பலாம்.

மினாக்சிடிலை இப்போதே நிறுத்திப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே செலவில்லாத சோதனை. நட்ட முடி பின்மண்டையிலிருந்து வந்தது, அது மினாக்சிடிலை நம்பி இல்லை. நம்பியிருப்பது நடாத பழைய முடி. அதுவும் இரண்டு, மூன்று வார இடைவெளியில் பெரிதாக எதையும் இழக்காது. லோஷனில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் தலைத்தோலை எரிக்கக்கூடிய பொருள். ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போனவருக்கும் ஒருநாள் ஒவ்வாமையாக மாறலாம். நிறுத்திய சில வாரங்களில் முன்பக்க அரிப்பு அடங்கினால் புரோப்பிலீன் கிளைக்கால் இல்லாத ஃபோம் வகைக்கு மாறிப் பாருங்கள். ஃபோமிலும் அரித்தால் ஒவ்வாமை மினாக்சிடிலுக்கே இருக்கலாம். சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து உறுதிசெய்துகொள்ளலாம். அதை 48 மணி நேரத்தில் ஒருமுறையும் 96 மணி நேரம் வாக்கில் மறுமுறையும் பார்க்க வேண்டும், ஒரே தடவை பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிச் சோதனைதான். இந்த நாட்களில் ஹேர் டை, புதிய எண்ணெய், புதிய ஷாம்பு எதுவும் வேண்டாம். ஒன்றை மாற்றும்போது இன்னொன்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

பின்மண்டைக்கு வருகிறேன். நரம்பு என்று உறுதியானால் சாதாரண வலி மாத்திரைகள் பெரிதாக உதவா. தொடக்கத்தில் லிடோகைன் என்ற மரப்புக் களிம்பு. போதாவிட்டால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., அல்லது காபாபென்டின் 300 மி.கி. என்று மருத்துவர் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார். இரண்டுமே முதல் நாளே வேலை செய்யும் மருந்துகள் அல்ல, சில வாரங்கள் பொறுக்க வேண்டும். கண்ணில் குளுக்கோமா, சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டிலினுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் குறை இருந்தால் காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஒரே புள்ளியில் நியூரோமா என்றால் அங்கேயே மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த ஊசி போடுவார்கள். அந்த ஊசியால் தோல் குழியலாம், சுற்றியுள்ள முடி மெலியலாம் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் பார்ப்பது நல்லது.

வேர்க்கால்

உங்கள் படத்தில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் அதற்கு மேலே மரப்பும் இருப்பது நரம்போடு நன்றாகப் பொருந்துகிறது. படத்தைக் கட்டாயம் கையில் எடுத்துப் போங்கள். முடி எத்தனை கிராஃப்ட், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள் என்ற அறுவைக் குறிப்பையும் அந்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்முகில்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். ஒரு பக்கத்தில் மட்டும் எரிந்து, சில நாளில் அங்கே நீர்க்கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் முழுப் பலன், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணையும் காட்ட வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் பொட்டில் புதிதாக வலி, சீப்பு பட்டாலே நோவு, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்று வந்தால் டிரான்ஸ்பிளான்ட்டின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்து பார்வையைப் பறித்துவிடலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.